கல்லூரிப் படிப்புக்கு உதவிப்பணம்: விதியை மாற்றும் முன் ஊரைக் கேட்கும் அமெரிக்கா

ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவிப்பணம் கொடுப்பது அரசாங்கம். அந்தப் பணத்துக்கு விதி எழுதுவதும் அரசாங்கம்தான். ஆனால் அமெரிக்காவில் இதற்கு நடுவே இன்னொரு வேலையும் இருக்கிறது. விதியை மாற்றுவதற்கு முன்னால், "இதுபற்றி உங்கள் கருத்து என்ன?" என்று பொதுமக்களைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் எழுதிய விதி கோர்ட்டில் நிற்பது கடினம்.

படிவம், சான்றிதழ், நகல், அதிகாரியின் கையெழுத்து, முத்திரை என்று பிள்ளைகளின் உதவிப்பணத்துக்காக லீவு போட்டு அலைந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அமெரிக்காவிலும் தகப்பன்மார் இப்படித்தான் அலைகிறார்கள். அங்கேயும் விதிப் புத்தகம் தடிமன்தான். அந்த விதிகளைப்பற்றி மனு எழுத ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

துப்புரவு வேலை பார்த்த ஜனாதிபதி

இந்த உதவிப்பணத்துக்கு மூலம் 1965-ம் ஆண்டு உயர்கல்விச் சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 8-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். வாஷிங்டனில் அல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் என்ற ஊரில், தாம் படித்த கல்லூரிக்கே போய் கையெழுத்திட்டார்.

ஜான்சன் கஷ்டப்பட்டுப் படித்தவர். கடன் வாங்கினார். கல்லூரியில் துப்புரவு வேலை பார்த்தார். படிப்பின் நடுவே ஓராண்டு காலம், கொட்டுல்லா என்ற சிற்றூரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார். பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் கல்லூரிக் கதவு அடைபடக்கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம்.

1972-ல் ஏழை மாணவர்களுக்கு இனாமாகப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. இதற்காகப் பாடுபட்ட ரோட் ஐலண்டு செனட் உறுப்பினர் கிளெய்பார்ன் பெல்லின் பெயரால் 1980 முதல் "பெல் உதவிப்பணம்" என்று வழங்குகிறது. 2025-26 கல்வி ஆண்டில் ஒரு மாணவருக்கு அதிகபட்சம் 7,395 டாலர். இதைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

பெல் பணம் மட்டும் போதாது. மீதிக்குக் கடன். அரசாங்கத்திடம் இப்படிக் கடன்பட்டவர்கள் சுமார் 4 கோடியே 30 லட்சம் பேர். மொத்தக் கடன் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் விதியில் ஒரு வார்த்தை மாறினாலும் லட்சக்கணக்கான வீடுகளின் வரவு செலவு மாறிவிடும்.

63-வது நாளும் 64-வது நாளும்

விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் பார்க்கலாம்.

உதவிப்பணம் வாங்கிய மாணவன் பருவத்தின் நடுவே படிப்பை நிறுத்தினால் என்ன செய்வது? 1998-ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, எத்தனை நாள் படித்தானோ அத்தனை நாளுக்குத்தான் அவன் பணத்தைச் "சம்பாதித்தான்" என்று கணக்கு. பருவத்தில் 60 சதவீதம் தாண்டிவிட்டால் முழுப்பணமும் அவனுக்கு.

ஒரு பருவம் 105 நாள், உதவிப்பணம் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று 21-வது நாளில் மாணவன் ஊருக்குப் போய்விட்டான். அவன் சம்பாதித்தது 20 சதவீதம், அதாவது 600 டாலர். மீதி 2,400 டாலர் அவனுக்கு உரியது அல்ல. அதில் தன் பங்கைக் கல்லூரி 45 நாளுக்குள் அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு, "கட்டணம் பாக்கி" என்று மாணவன் பெயரில் பில் எழுதும் கல்லூரிகள் உண்டு. படிப்பும் போய், கையில் கடனும் நிற்கும்.

63-வது நாள் போனவனுக்கு 60 சதவீதம். 64-வது நாள் போனவனுக்கு நூற்றுக்கு நூறு. ஒரே நாளில் இவ்வளவு வித்தியாசம்! படிக்காத நாளுக்கும் வரிப்பணத்தைக் கொடுக்க முடியாது என்பது அரசாங்கத்தின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாணவனும் எந்தத் தேதியில் நின்றான் என்று கண்டுபிடித்து, பைசா சுத்தமாகக் கணக்கு எழுத வேண்டிய கல்லூரி குமாஸ்தாக்களின் பாட்டைக் கேட்டால், அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பது தெரியும்.

இப்படிப்பட்ட விதிகள் பல்கிப் பெருகிவிட்டன என்று புகார் எழுந்தது. 2008-ல் இயற்றிய சட்டத்தில் காங்கிரஸ் சபை ஒரு ஆய்வுக்கு உத்தரவு போட்டது. எந்த விதி இரட்டை வேலை? எது காலாவதி ஆகிவிட்டது? எது இன்னொரு விதியோடு முரண்படுகிறது? எது அளவுக்கு மீறிய பாரம்? இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். மாணவர் நிதி உதவிக்கான ஆலோசனைக் குழு இந்தப் பொறுப்பை ஏற்று, கல்லூரிகளிடமும் பொதுமக்களிடமும் கருத்து கேட்டு, 2011-ல் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழு 2015-ல் கலைந்துபோயிற்று. விதிகள் கலையவில்லை!

யார் பேசலாம்?

சட்டம் செய்வது காங்கிரஸ் சபை. சட்டத்துக்கு விதி எழுதுவது கல்வி இலாகா. 1946-ம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி, இலாகா தன் உத்தேச விதியை அரசாங்க கெஜட்டில் வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். 30 நாளோ 60 நாளோ அவகாசம் கொடுப்பார்கள். வந்த கருத்துகளில் முக்கியமானவற்றுக்கு, "ஏற்றோம்" அல்லது "ஏற்கவில்லை, காரணம் இது" என்று பதில் எழுதிய பிறகே இறுதி விதி வெளிவர வேண்டும்.

மாணவர் உதவிப்பணத்துக்கு இது போதாது என்று இன்னொரு படியும் வைத்திருக்கிறார்கள். வரைவு எழுதும் முன்பே பொது விசாரணை நடக்கும். பிறகு மாணவர்கள், கல்லூரிகள், ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல்கள், கடன் வசூல் செய்யும் நிறுவனங்கள், மாநில அதிகாரிகள் எல்லோருக்கும் பிரதிநிதிகள் வைத்து ஒரு குழு அமைப்பார்கள். இலாகா அதிகாரியும் அதே மேஜையில் உட்கார்ந்து பேரம் பேசுவார்.

இந்தக் குழுவில் ஓட்டு எண்ணிக்கை கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் உடன்பாடு. ஒரே ஒருவர் "முடியாது" என்றாலும் உடன்பாடு இல்லை. உடன்பாடு ஏற்பட்டால், ஒப்புக்கொண்ட அதே வாசகத்தையே இலாகா வரைவாக வெளியிட வேண்டும். ஏற்படாவிட்டால் இலாகா தன் விருப்பப்படி எழுதலாம். இதனால், பிடிவாதம் பிடிக்கிறவர்களும் ஒரு கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

90 ஆயிரம் கடிதம்

2010-ம் ஆண்டு ஜூலையில் வந்த ஒரு வரைவு பெரும் புயலைக் கிளப்பியது. தொழில் படிப்பு சொல்லித்தருகிறோம் என்று விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்க்கும் தனியார் கல்லூரிகள் பல. மாணவர்கள் அரசாங்கக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவார்கள். படித்து முடித்தால் வேலை கிடைக்காது, கிடைத்தாலும் சம்பளம் கடனுக்குப் போதாது. சம்பளத்துக்குப் பொருந்தாத கடனில் மாணவர்களைத் தள்ளும் படிப்புக்கு இனி உதவிப்பணம் இல்லை என்றது அந்த வரைவு.

வந்து குவிந்த கருத்துகள் சுமார் 90 ஆயிரம்!

அத்தனையும் தனி மனிதர்கள் உட்கார்ந்து எழுதியவை என்று நினைத்துவிடக்கூடாது. லாபக் கல்லூரிகள் தங்கள் ஊழியர்களையும் மாணவர்களையும் திரட்டி எழுத வைத்தன. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. அச்சடித்த ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் வந்தாலும் ஒரு வாதம்தான். இது தேர்தல் அல்ல.

2011-ல் இறுதி விதி வந்தது. 2012-ல் கோர்ட்டு அதன் முக்கியப் பகுதியை ரத்து செய்தது. 2014-ல் மீண்டும் எழுதினார்கள். 2019-ல் அடுத்த அரசாங்கம் அதை நீக்கியது. 2023-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். இந்த ஆட்டத்தின் நடுவே 2015-ல் கொரிந்தியன் கல்லூரிகளும், 2016-ல் ஐ.டி.டி. தொழில்நுட்பக் கல்லூரிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாதிப் படிப்போடும் முழுக் கடனோடும் தெருவில் நின்றார்கள்.

28 ஆயிரத்தில் 96

அரசாங்க வேலையிலோ தர்ம ஸ்தாபனத்திலோ 10 ஆண்டு உழைத்து 120 தவணை கட்டியவர்களுக்கு மீதிக் கடன் தள்ளுபடி என்று 2007-ல் சட்டம் வந்தது. பத்தாண்டு கழிந்தது. ஆசையோடு மனு போட்டார்கள். 2018-ம் ஆண்டு நடுவில் கணக்குப் பார்த்தபோது 28 ஆயிரம் பேருக்கு மேல் மனு செய்திருந்தார்கள். தள்ளுபடி கிடைத்தது 96 பேருக்கு!

கடன் வகை சரியில்லை, தவணைத் திட்டம் சரியில்லை, படிவத்தில் விவரம் இல்லை என்று மற்றவர்களைத் தள்ளிவிட்டார்கள். பத்தாண்டு தவணை கட்டிய பிறகு "நீங்கள் கட்டியது வேறு திட்டம்" என்றால் ஒரு வாத்தியாருக்கோ நர்சுக்கோ எப்படி இருக்கும்? புகார்கள் குவிந்தன. விதி தளர்ந்தது. 2024 அக்டோபருக்குள் இந்தத் திட்டத்தில் கடன் தள்ளுபடி பெற்றவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். சட்டத்தின் அடிப்படை மாறவில்லை. அதை நடத்திய விதம்தான் மாறியது.

விண்ணப்பப் படிவத்தின் கதையும் உண்டு. முன்பு அதில் 100-க்கு மேற்பட்ட கேள்விகள். டென்னசி செனட் உறுப்பினர் லாமர் அலெக்சாந்தர், ஒட்டி மடித்த அந்தப் படிவத்தைச் சபையில் தரைவரை தொங்கவிட்டுக் காட்டுவார். அவரே ஒரு காலத்தில் கல்வி மந்திரியாக இருந்தவர். 1998 சட்டத்தால், போதைமருந்து வழக்கில் தண்டனை பெற்ற மாணவருக்கு உதவிப்பணத்தைத் தடுக்கும் கேள்வியும் படிவத்தில் ஏறியிருந்தது. 2020 டிசம்பரில் வந்த சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. படிவத்தையும் சுருக்கியது.

சுருக்கிய படிவம் வந்த லட்சணம் வேறு. வழக்கமாக அக்டோபர் 1-ந் தேதி வர வேண்டியது, 2023 டிசம்பர் 30-ந் தேதிதான் வந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் பல வாரம் படிவத்தை முடிக்கவே முடியவில்லை. முதல் ஐந்து மாதத்தில் உதவி கேட்டு வந்த டெலிபோன் அழைப்புகள் 54 லட்சம். அவற்றில் சுமார் 40 லட்சத்துக்குப் பதில் இல்லை என்று அரசாங்கத் தணிக்கை இலாகாவே சொன்னது. கேள்வியைக் குறைத்தால் போதாது, கவுண்ட்டரில் ஆள் இருக்க வேண்டும்.

நர்சுகள் கோபம்

அடுத்த தகராறு 2025-ல் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 4-ந் தேதி கையெழுத்தான சட்டம், பட்ட மேற்படிப்புக் கடனுக்கு உச்சவரம்பு போட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இது பொருந்தும். சாதாரண மேற்படிப்பு என்றால் ஆண்டுக்கு 20,500 டாலர். "தொழில்முறைப் பட்டம்" என்றால் 50,000 டாலர்.

எது தொழில்முறைப் பட்டம்? 2025 நவம்பரில் பேச்சுவார்த்தைக் குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், மதப் போதகர் படிப்பு எல்லாம் இருந்தன. நர்சிங் மேற்படிப்பு இல்லை. நர்சு சங்கங்கள் கொதித்து எழுந்தன. ராப்பகலாக நோயாளியைப் பார்க்கும் எங்கள் படிப்பு மட்டும் இளப்பமா என்று கேட்டன. இலாகாவோ, இது கடன் கணக்குக்கான வகைப்பாடுதான், யாருடைய மதிப்பையும் குறைப்பது அல்ல என்றது. மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலர் செலவாகும் நர்சுக்கு, மதிப்பைவிட மீதி 9,500 டாலர் எங்கிருந்து வரும் என்பதுதான் கவலை.

கருத்து எழுதுகிறவர்கள் காலண்டரையும் பார்க்க வேண்டும். பொதுவாக, நவம்பர் 1-ந் தேதிக்குள் இறுதி விதி வெளியானால்தான் அடுத்த ஜூலை 1-ல் அமுலுக்கு வரும். தேதி தவறினால் இன்னும் ஓராண்டு.

மாணவர் விசாவில் நம் ஊரிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இந்த உதவிப்பணம் கிடையாது. பெல் பணமும் இல்லை, அரசாங்கக் கடனும் இல்லை. அப்படிக் கிடைக்கும் என்று எந்தத் தரகராவது சொன்னால் நம்ப வேண்டாம். குடியுரிமை பெற்றவர்களுக்கும், "கிரீன் கார்டு" வாங்கி நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும், அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும்தான் உண்டு. அங்கே குடியேறிய அண்ணன் தம்பி பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வயதில் இருந்தால் அவர்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. விதியைப்பற்றிக் கருத்து எழுதுகிறவரிடம், நீ எந்த நாட்டுப் பிரஜை என்று யாரும் சான்று கேட்பதும் இல்லை.