டி.வி.எஸ்.: வண்டி விற்ற குடும்பம்

துறையூரிலிருந்து மண்ணச்சநல்லூர், நம்பர் 1 டோல்கேட் வழியாகத் திருச்சிக்கு வருபவர்களுக்கு ஊரின் தென்பக்கம் இன்னொரு டோல்கேட் உண்டு: டி.வி.எஸ். டோல்கேட். ஒரு வண்டிக் கம்பெனியின் பெயர் அந்த இடத்துக்கே நிலைத்துவிட்டது.

திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், 1911இல் மதுரையில் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார். பஸ் விட்டார், ஜெனரல் மோட்டார்ஸின் முகவராகிக் காரும் லாரியும் விற்றார். சாலையில் சிதறிக் கிடந்த லாட ஆணிகள் டயரைப் பதம் பார்க்காமலிருக்க, காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டு அவற்றைப் பொறுக்கியதை இன்றும் வியந்து சொல்வார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. நிறுவனம் கரிவாயுக் கலன் தயாரித்தது. பஸ்ஸோடு பொருத்திய இரும்பு உருளையில் அடுப்புக்கரியை எரித்து, எழும் வாயுவைக் குளிரவைத்து, தூசி போக வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். பெட்ரோல் இல்லாத நாளிலும் பயணிகளை ஊர் சேர்த்த இந்தக் கலன், நிறுவனம் செய்தவற்றிலேயே மிகவும் போற்றத்தக்கது.

1955இல் சுந்தரம் ஐயங்கார் காலமானார். உரிமை மகன்களின் குடும்பங்களிடம் இருந்தது. 1972இல் பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. விற்பனையும் வொர்க்‌ஷாப்பும் குடும்பத்திடமே தங்கின. 2020 டிசம்பரில் குடும்பத்தார் தொழில்களைப் பிரித்துக்கொள்ள உடன்பட்டார்கள். 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. வாகன விற்பனைத் தொழில் மூத்த மகன் டி.எஸ்.ராஜம் வழியினரின் டி.வி.எஸ். மொபிலிட்டி குழுமத்துக்குச் சேர்ந்தது.