ரேஷன் வரிசையில் ஒரு கோடு

1997 ஜூனில் மத்திய அரசு ரேஷன் முறையை இரண்டாகப் பிரித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மலிவு விலை, மேலே இருப்பவர்களுக்குக் கூடுதல் விலை. இல்லாதவருக்குக் கொடுக்கலாம், இருப்பவருக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அந்தக் கோட்டைப் போடுவது யார்? எத்தனை பேர் ஏழைகள் என்று டெல்லியில் திட்டக் குழு மதிப்பிட்டது. யார் யார் ஏழைகள் என்று உள்ளூரில் பட்டியல் எடுத்தார்கள். தினக்கூலிக்கு ஏது வருமானச் சான்று? அறுவடைக் காலத்தில் கோட்டுக்கு மேலே இருக்கும் குடும்பம், சம்பாதிப்பவர் நோயில் விழுந்தால் மறுவாரமே கீழே வந்துவிடும். பட்டியலோ பல வருடம் மாறாது. மானியத் தானியத்தில் பாதிக்கு மேல் உரிய குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று 2005இல் திட்டக் குழுவின் சொந்த ஆய்வே சொன்னது.

தமிழ்நாடு இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. மத்திய ஒதுக்கீட்டுக்கு மேல் ஆகும் செலவைத் தானே சுமந்து, எல்லோருக்கும் கடையைத் திறந்து வைத்தது. 2006இல் அரிசி கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். வேண்டாதவர்கள் அரிசியை விட்டுவிட்டுக் கூடுதல் சர்க்கரை தரும் அட்டைக்குத் தாமே மாறிக்கொண்டார்கள். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபின் அட்டையில் முன்னுரிமை உள்ளவர், அற்றவர் என்று குறியீடு அச்சாகிறது. கடையில் இருவருக்குமே அரிசி உண்டு.

ஓட்டை இல்லாத முறை இல்லை இது. அரிசி மூட்டை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது, கோழித் தீவனமாகிறது. இருந்தாலும், வசதியுள்ள ஒருவர் கூடுதலாக வாங்கிப்போவதைவிட, பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரு குடும்பம் வெறும் பையோடு திரும்புவதுதான் பெரிய தவறு என்பேன்.

அதே தமிழ்நாடு 2023 செப்டம்பரில், பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது கோடு போட்டது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என வரம்புகள் வந்தன. வீட்டில் கார் இருந்தால் கிடையாது. ரொக்கம் என்றால் வேண்டாம் என்று யாரும் ஒதுங்கமாட்டார்கள், எனவே வரம்பு தேவை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடிப் பேர். முதல் மாதம் ஆயிரம் ரூபாய் பெற்றவர்கள் சுமார் 1.06 கோடிப் பேர். மற்றவர்கள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றது அரசு.