ஆண்மையும் மருந்தும்

ஆண்மை என்னுஞ் சொல்லுக்குப் பிறப்பு இரண்டு. ஆண் என்பதனோடு மை என்னும் பண்புப்பெயர் விகுதி சேர்ந்து ஆண்மை ஆயிற்று என்பது ஒன்று. ஆள் என்னும் பகுதியோடு மை சேர, ளகரம் ணகரமாய்த் திரிந்து ஆண்மை ஆயிற்று என்பது மற்றொன்று. கேள் என்பது கேண்மை ஆனவாறு போல இதனைக் கொள்க. முன்னையது உடலின் இயல்பைச் சுட்டுவது. பின்னையது ஆளுந் திறத்தைச் சுட்டுவது. தாளாண்மை, வேளாண்மை, இல்லாண்மை என்பன பின்னையதன் வழி வந்தவை. பிறன் மனைவியை இச்சித்து நோக்காத உறுதியைப் பேராண்மை என்று திருவள்ளுவர் போற்றியதும் இப்பொருள் பற்றியே.

இருபொருளும் ஒரு சொல்லுள் ஒடுங்கிக் கிடப்பது இலக்கியத்துக்கு நயம். இளைஞர் சிலருக்கோ அது பெரும் இடர். சென்ற சில ஆண்டுகளுள் என் பழைய மாணாக்கர் இருவர், வெவ்வேறு காலத்தில், ஏறக்குறைய ஒரே வினாவோடு என்னிடம் வந்தனர். தெஸ்தொஸ்தரோன் என்னும் ஓமோனை மருந்தாக ஏற்பதா, விடுவதா என்பதே அவ்வினா. தமிழ்ப் பண்டிதனிடம் கேட்கத்தக்க வினாவோ இது என்று வாசகர் எண்ணலாம். வைத்தியரிடங் கேட்க வேண்டியதை அவர்கள் வைத்தியரிடமே கேட்டிருந்தனர். அவரிடங் கேட்க நாணியதையே என்னிடங் கொணர்ந்தனர். அவர்தம் இசைவுடன், பெயரும் ஊரும் விடுத்து, இதனை எழுதுகின்றேன். உடலியல் பற்றி ஈண்டுக் கூறுவன, எம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரும் வைத்தியத் துறையிலுள்ள பழைய மாணவர் ஒருவரும் பொறுமையோடு விளக்க யான் அறிந்தவை.

இம்மருந்தின் வரலாறு சுவை மிக்கது. 1849ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரிலே பேர்தோல்ட் என்னும் அறிஞர் இளஞ் சேவல்களின் விதைகளை அகற்றினார். அவை கொண்டை சுருங்கிக் கூவுதலும் போரிடுதலும் ஒழிந்தன. அகற்றிய விதையை வயிற்றினுள் வேறோர் இடத்தில் வைத்தபோது சேவல் மீண்டுஞ் சேவலாயிற்று. நரம்புத் தொடர்பின்றியே, குருதியிற் கலந்து செல்லும் ஏதோ ஒரு பொருள் இதனைச் செய்கின்றது என்பது அதனாற் புலனாயிற்று. 1889இல் பாரிஸ் நகரில் பிறவுண் செக்காட் என்னும் பெயர்பெற்ற பேராசிரியர், தம் 72ஆம் வயதில், விலங்குகளின் விதைச்சாற்றைத் தம்முடலிலே ஏற்றிக்கொண்டு இளமை மீண்டதாக அறிவித்தார். அச்சாற்றில் அப்பொருள் இருந்தது இல்லை என்னும் அளவே. அவர் பெற்ற பயன் நம்பிக்கையின் பயன். ஆயினும் அச்செய்தி கேட்டு ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆர்ப்பரித்தன. வாணிகர் பலர் புட்டிகளிற் சாறு விற்றுப் பொருளீட்டினர்.

உண்மைப் பொருளைக் காண்பது எளிதாயிருக்கவில்லை. 1927இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே 40 இறாத்தல் எருதின் விதைகளிலிருந்து 20 மில்லிகிராம் அளவே வடித்தெடுத்தனர். 1935இல் அம்ஸ்ரடாம் நகரிலே ஏர்ண்ஸ்ற் லக்கரின் குழுவினர் அதனைத் தூய்மையாகப் பிரித்துப் பெயருமிட்டனர். அவ்வாண்டிலேயே புற்றெனாந்து, றுசிக்கா என்னும் இருவரும் தனித்தனியே அதனை ஆய்வுகூடத்திற் செய்து காட்டினர். 1939ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு அவ்விருவருக்கும் உரியதாயிற்று.

இனி, அவ்விருவரிடஞ் செல்வோம்.

முதலாமவனுக்கு அப்போது வயது 22. உயர்தர வகுப்பு முடியும்வரை எம் பிரார்த்தனையில் தேவாரம் பாடியவன் அவனே. பதினெட்டாம் வயதிலும் அவன் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை, கை கால்கள் மட்டும் நெடிது வளர்ந்தன. இன்னொன்றும் உண்டு. மல்லிகையின் மணமும் சாம்பிராணியின் மணமும் அவன் அறியான். பாட்டில் வரும் மணமெல்லாம் புலவர் புனைந்துரை என்றே சிறுவயதில் எண்ணியிருந்தானாம். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கிய வைத்திய நிபுணர், குருதியைச் சோதித்து, மூளையையும் படம் பிடித்து, 1944இல் கல்மன் என்பார் விரித்துரைத்த நோய் இதுவென்றார்.

அந்நோயின் காரணம் வியப்பைத் தருவது. மூளையின் அடியிலே பரிவகக்கீழ் என்னும் பகுதி உளது. அது கபச்சுரப்பியை ஏவ, கபச்சுரப்பி விதைகளை ஏவ, விதைகள் தெஸ்தொஸ்தரோனைச் சுரக்கின்றன. அவ்வேவலைத் தொடங்கும் நரம்புக் கலங்கள் கருவிலே மூளையிற் பிறப்பனவல்ல. மூக்குப் பகுதியிற் பிறந்து, மணத்தை உணர்த்தும் நரம்பின் வழியே மூளைக்கு நடந்து செல்வன. அவை வழியிலே நின்றுவிடின் மணமுமில்லை, பருவமுமில்லை. விதைகளிற் பெரும்பாலும் பழுதில்லை. அவற்றை எழுப்புவார் இல்லை, அவ்வளவே.

வைத்தியர் மருந்து தொடங்கலாம் என்றார். அவன் மூன்று மாதம் காலந் தாழ்த்தினான். ஒருநாள் என்னிடம், "ஐயா, ஊசி போட்டுத்தான் நான் ஆம்பிளை ஆகவேணுமெண்டால், இவ்வளவு நாளும் நான் ஆர்?" என்று கேட்டான். வைத்திய நூலில் இதற்கு விடையில்லை. தந்தை இறந்தபின் பதினேழு வயதிலிருந்து மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி, தாயையும் தங்கையையும் காத்து, தங்கையைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவன் அவன். தொடக்கத்திற் கூறிய சொல்லாராய்ச்சியை யான் அவனுக்குச் செய்துகாட்டியது அன்றுதான். "ஆள் என்பதன் வழி வந்த ஆண்மை உன்னிடம் என்றோ உண்டு, இல்லாண்மை என்பது வேறு யாது? ஊசி தருவது அதனையன்று. எலும்புக்கு உரமும், குருதிக்குச் செழுமையும், குரலுக்குக் கனமுமே அது தருவது. தைரொயிட் சுரப்பி குன்றியவர் நாடோறும் குளிசை விழுங்குகின்றார்; அவரை மனிதரிற் குறைந்தவர் என்பார் யார்?" என்றேன்.

அவன் தாய்க்கு வேறோர் அச்சம். தொடங்கினால் நிறுத்த முடியாதாமே என்றார். அச்சம் பொய்யன்று. இந்நோய் உடையாருட் சிலருக்கே பின்னர்த் தானே சுரத்தல் தொடங்குவது உண்டு. ஏனையோருக்கு மருந்து நெடுங்காலத்தது. ஆனால் மருந்தின்றி விடுதலும் ஒரு தீர்மானமே. இவ்வோமோன் இல்லாத இளைஞனின் எலும்பு ஆண்டுதோறும் நொய்கின்றது. பிள்ளைப்பேறு கருதும் காலத்தில் தெஸ்தொஸ்தரோனை நிறுத்தி, விதைகளை நேரே எழுப்பும் வேறு ஊசிகளைப் பல மாதம் ஏற்றலாம். அவ்வாறு தந்தையரானோர் பலர் என்று நிபுணர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இவற்றை யெல்லாம் எடைபோட்டு அவன் ஏற்றான். சிற்றளவிற் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தினர். ஓராண்டினுள் குரல் தாழ்ந்தது. முகத்தில் மயிர் அரும்பிற்று. பழைய சுருதியிற் தேவாரம் பாட இயலாமை அவனுக்கு ஒரு துயரம். மல்லிகையின் மணம் இன்றும் இல்லை. அதனை இம்மருந்து தாராது.

இரண்டாமவன் நிலை வேறு. வயது 29. கொழும்பில் இரவுப் பணி. பகலில் நாலைந்து மணி நேர உறக்கம், நாற்காலியில் இருந்தே உண்பது, இடை பெருத்தது. எந்நேரமுஞ் சோர்வு. உடற்பயிற்சி நிலையத்திற் பழகிய ஒருவர் இது ஓமோன் குறைவென்று சொல்லி ஊசியும் வாங்கித் தருவதாக உரைத்தார். பிற்பகலிற் குருதி கொடுத்துப் பார்த்தான். ஒரு டெசிலீற்றருக்கு 280 நனோகிராம். தாளிலே 'குறைவு' என்று குறித்திருந்தது. மூன்று மாதத்திற் திருமணம். அழைப்பிதழோடு வந்தவன், கலியாணத்துக்கு முன்னே ஊசியைத் தொடங்கினால் நன்றன்றோ என்றான்.

அந்த 280 என்னும் எண்ணை நோக்குக. அமெரிக்கச் சிறுநீரகவழி வைத்தியர் சங்கம் 2018இல் 300இனைக் கீழெல்லையாகக் கொண்டது. 19 முதல் 39 வயது வரையுள்ள, உடல் பருக்காத ஆடவரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட அளவோ 264 முதல் 916 வரை. ஓர் எல்லைப்படி அவன் குறைந்தவன், மற்றதன்படி நிறைந்தவன். அன்றியும் இவ்வோமோன் காலையில் உயர்ந்து மாலையில் தாழ்வது. ஆதலால் காலையில், உண்ணாதிருந்து, வெவ்வேறு நாளில் இருமுறையேனும் அளந்து, இரண்டும் குறைவாயிருந்து, குறிகளும் பொருந்தினாலன்றி நோயென்று துணியலாகாது என்பது வைத்திய நெறி. பிற்பகலில் எடுத்த ஓர் அளவைக் கொண்டு வாழ்நாள் மருந்தைத் தொடங்குதல், ஒரு பரீட்சைத் தாளைப் பாதி திருத்தி மாணவனை வகுப்பிலிருந்து நீக்குவது போன்றது.

இதனினும் பெரிது ஒன்று உண்டு. அதனை அவன் அறிந்திருக்கவில்லை. ஊசி தர வந்தவரும் சொல்லவில்லை. வெளியிலிருந்து தெஸ்தொஸ்தரோன் வரக் கண்ட மூளை, போதும் என்று கருதித் தன் ஏவலை நிறுத்திக்கொள்ளும். ஏவல் நின்றவுடன் விதைகள் உறங்கும், சுருங்கும், விந்துக்கள் உண்டாதல் குன்றும். ஆண்மைக்கென ஏற்ற மருந்தே தந்தையாகும் ஆற்றலைத் தடுக்கும். இது வெறும் ஊகமன்று. உலக சுகாதார நிறுவனம் இதனையே ஆடவர் கருத்தடைக்குப் பயன்படுத்த இயலுமோ என்று 7 நாடுகளில் ஆராய்ந்தது. வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி ஏற்றவருட் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஆறு மாதத்துள் விந்து முற்றும் அற்றுப்போயிற்று என 1990இல் அவ்வாய்வு வெளிவந்தது. நிறுத்தியபின் பெரும்பாலார்க்கு மீளும். ஆனால் பல மாதம் செல்லும். சிலர்க்கு இரண்டாண்டும் ஆகலாம். விரைவிற் பிள்ளை வேண்டுவோர்க்கு இம்மருந்தைத் தொடங்கலாகாது என்று வைத்தியர் விலக்குவது இதனாலேயே.

அவனை முறையான வைத்தியரிடம் அனுப்பினேன். காலையில் இருமுறை அளந்தனர். 395 என்றும் 410 என்றும் வந்தன. குறைந்தது ஓமோனன்று, உறக்கம். நலமுள்ள இளைஞர் 10 பேரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கவைத்தபோது அவர்தம் பகற்கால ஓமோன் நூற்றுக்கு 10 முதல் 15 வரை வீழ்ந்ததைச் சிக்காகோவில் ஆராய்ந்தோர் 2011இல் வெளியிட்டனர். இவனும் பணிநேரத்தை மாற்றிக்கொண்டான், நடக்கிறான், இடை ஓரளவு குறைந்தது. சோர்வு முற்றும் நீங்கியதென்று சொல்ல மாட்டேன் என்கிறான். ஊசி வேண்டாதவனாயினான்.

ஒருவன் வேண்டிய மருந்துக்கு நாணி நின்றான். மற்றவன் வேண்டாத மருந்துக்கு விரைந்தான். இருவரையும் அலைத்தது ஒரே சொல்லின் மயக்கம்.

மருத்துவத்தை நான்கு உறுப்புடையதென்று கூறுவது நம் முன்னோர் மரபு. நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்பன அவை. இவ்வினாவோடு நிற்கும் இளைஞன் அந்நான்கையும் முறையே ஆராய்வானாக.

நோயுற்றவன் தன் குறிகளை உள்ளவாறு காண வேண்டும். சோர்வு நூறு காரணத்தால் வரும். பருவம் வாராமை, காலை எழுச்சி நீங்குதல், வேட்கை அற்றுப்போதல், முகமயிர் உதிர்தல் என்பன வேறு. வைத்தியன் காரணத்தைத் தேட வேண்டும். நிறமூர்த்தம் ஒன்று மிகுந்து பிறக்கும் கிளைன்ஃபெல்ற்றர் நோய், கூகைக்கட்டு விதைக்கு இறங்குதல், கபச்சுரப்பிக் கட்டி, குருதியேற்றத்தால் இரும்பு தேங்கிய தலசீமியா எனக் காரணம் பல. காரணத்துக்கேற்பத் தீர்வும் வேறுபடும். மருந்தின் குணத்தோடு குற்றத்தையும் அறிய வேண்டும். அது செங்குழியங்களைப் பெருக்கும். குருதியில் அவற்றின் பங்கு நூற்றுக்கு 54இனைக் கடந்தால் நிறுத்துவர். முகப்பரு தோன்றும். பூச்சாகப் பூசுவோர் அது குழந்தை மேலும் மனைவி மேலும் படாமற் காத்தல் வேண்டும். 5,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த பேராய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் இதனால் மிகவில்லை என்றது. எனினும் இதயத்துடிப்பு ஒழுங்கிழத்தலும் நுரையீரலிற் குருதி உறைதலும் சற்று மிகக் கண்டது. அதிற் சேர்ந்தோர் 45 வயதுக்கு மேற்பட்டவர். இருபது வயதிற் தொடங்கி ஐம்பதாண்டு ஏற்பவன் அதனைத் தனக்கு முழுச்சான்றாகக் கொள்ளலாகாது.

நான்காவது உறுப்பு நாம். பெற்றோர், மனைவி, ஆசிரியர் எல்லாம் அதனுள் அடங்குவர். ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகின்றேன். பதினான்கு வயதாகியும் பருவத்தின் குறி சிறிதுந் தோன்றாத மாணவன் வைத்தியரைக் காணுதல் நன்று. பெரும்பாலார் சற்றுப் பிந்தி வளர்பவரே. அவர்க்கு வேண்டுவது பொறுமை. சிலருக்கு வேண்டுவது மருந்து. இன்னார் இவர் என்று நாம் பிரித்தறிய இயலாது; வைத்தியர் அறிவார். ஆதலின் அவன் குரலைக் கேட்டு நகைக்கும் வகுப்பை அடக்குக. பின்னர், பிறர் அறியாவண்ணம், அவன் தந்தையையோ தாயையோ அழைத்துச் சொல்லுக. இலக்கணப் பாடம் அரைமணி நேரம் பிந்தினாற் குற்றமில்லை.