கிணறு ஊறும் நேரம்

வெள்ளிக்கிழமை பிற்பகலிற் பாடசாலையின் கடைசி மணி ஒலிக்கும்போது மாணாக்கர் மனத்தில் எழும் மகிழ்ச்சி ஆசிரியர் மனத்திலும் எழுவதுண்டு. இந்த இரகசியத்தை இங்கே வெளியிடுவதில் தவறில்லை என எண்ணுகின்றோம். வரவிருக்கும் இரு நாட்களும் எமக்கே உரியவை; பல வாரங்களாக ஒத்திவைத்த வேலைகளை இந்தச் சனியும் ஞாயிறும் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வீடு திரும்புவோம். ஞாயிறு இரவு, திருத்தப்படாத கொப்பிகளை மேசையில் அடுக்கும்போதுதான், அவ்விரு நாட்களும் எங்கே போயின என்ற கேள்வி பிறக்கும்.

சென்ற மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இவ்வாறு நாம் வீடு வந்து சேர்ந்தபோது, பழைய மாணவர் ஒருவர் வாயிலிற் காத்திருந்தார். எமது வகுப்பிற் படித்த காலத்திற் கட்டுரைப் போட்டிகளில் எல்லாம் முதற் பரிசு பெற்றவர் அவர். கொழும்பில் நல்ல சம்பளத்தோடு வேலை பார்த்தவர், சென்ற ஆண்டு அதனைத் துறந்து யாழ்ப்பாணத்துக்கே வந்துவிட்டார். இணையத்தின் வழியாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திற் கட்டுரைகளும் விளம்பரக் குறிப்புகளும் எழுதிக் கொடுப்பது இப்போது அவருடைய தொழில். மாதச் சம்பளம் இல்லை. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. எஞ்சும் நேரத்தில் தமிழிற் சிறுகதைகள் எழுதுவதே தம் நோக்கம் என்று, வேலையைத் துறந்த நாளில் எம்மிடம் ஆர்வத்தோடு சொல்லியிருந்தார்.

"சேர், திரும்பவும் ஒரு கந்தோர் வேலைக்கே போய்விடலாமோ என்று யோசிக்கிறேன்" என்றார், அமர்ந்ததும்.

காரணம் கேட்டோம்.

"ஆறு மாதமாக எனக்கென்று ஒரு பக்கங்கூட எழுதவில்லை. அமெரிக்காவில் விடியும்போது இங்கே பொழுது படுகிறது. அவர்கள் கேட்பதை இரவிலே எழுதுகிறேன். பகலில் அடுத்த வேலையைத் தேடுகிறேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதே இங்கே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கந்தோரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமையாவது என்னுடையதாக இருந்தது" என்றார்.

எசமானில்லாத வேலையில் எசமானுக்கும் ஓய்வில்லை, வேலையாளுக்கும் ஓய்வில்லை; இருவரும் ஒருவரே அல்லவா? சிலர் கந்தோரிலிருந்து எழுத நேரமில்லை என்கின்றனர். இவரோ கந்தோரை விட்டபின் நேரமில்லை என்கின்றார். அப்படியாயின் குறை கந்தோரில் இல்லைப் போலும் என்று எமக்குத் தோன்றிற்று. ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்ரொலப்பின் வரலாற்றை அவருக்குச் சொன்னோம்.

ட்ரொலப் 1834ஆம் ஆண்டில், தமது 19ஆம் வயதில், இலண்டன் தபாற் கந்தோரில் இலிகிதராகச் சேர்ந்தவர். ஏறத்தாழ 33 ஆண்டுகள் அத்திணைக்களத்திலேயே உழைத்தார். தெருவோரத்துத் தூண் வடிவத் தபாற்பெட்டியை 1852இல் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளிற் பரீட்சித்துப் பார்ப்பதற்கு யோசனை சொன்னவரும் அவரே. அத்தபாற்பெட்டியின் வழித்தோன்றல்கள் எமது சந்திகளிலும் சிவப்பு நிறத்தோடு நிற்பதை நேயர்கள் அறிவர். இத்தகைய உத்தியோகத்துக்கிடையில் அவர் எழுதத் தொடங்கி, வாழ்நாளில் 47 நாவல்களை முடித்தார்.

எப்படி முடிந்தது? அதிகாலை ஐந்தரை மணிக்கு அவர் மேசையில் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிவிடும் வேலையாளுக்கு அதற்கென்றே ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படிப்பார். பின்னர் கடிகாரத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். காலையுணவுக்கு முன் அன்றைய எழுத்து வேலை முடிந்துவிடும். அதன்பின் அவர் தபாற் கந்தோருக்கு உரியவர். 1883இல், அவர் இறந்த மறு ஆண்டில், அவரது சுயசரிதை வெளிவந்து இந்தக் கணக்கு அம்பலமானபோது, கலையைக் கடிகாரத்தில் அளந்தவர் என்று முகஞ் சுளித்தோரும் உளர். நாவல்களோ இன்றும் படிக்கப்படுகின்றன.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. எழுத்தாற் பெரும் பொருள் ஈட்டிய பின்னரும் அவர் அவசரப்பட்டு உத்தியோகத்தை விடவில்லை. அறுபது வயதிற் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்துக்கு ஈடான வருவாயைத் தரத்தக்க சேமிப்புத் திரண்ட பின்னரே, 1867இல், விலகினார்.

எமது மாணவருக்கு இது முழுத் திருப்தி அளிக்கவில்லை. "நான் இயந்திரம் அல்லவே, சேர்! காஃப்கா ஒரே இரவில் ஒரு கதையை எழுதி முடித்தாராமே?" என்று கேட்டார்.

உண்மைதான். பிராக் நகரத்துப் பிரான்ஸ் காஃப்கா, 1912ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு அமர்ந்து, மறுநாட் காலை ஆறு மணிக்குத் 'தீர்ப்பு' என்னும் கதையை முடித்துவிட்டே எழுந்தார். ஆயின் அந்தக் காஃப்காவும் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் உத்தியோகத்தரே. காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை அங்கே வேலை, பின்னர் சிறிது துயில், இரவிலே எழுத்து. இந்த இரட்டை வாழ்வு அவரை வருத்தியது என்பதை அவரே பலமுறை எழுதியுள்ளார். ஆதலால் அவரைப் பின்பற்றுமாறு நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். ஆனால், அந்த ஓர் இரவுக்குப் பின்னால் மேசைக்குத் தவறாது திரும்பிய எத்தனையோ இரவுகள் இருந்தன என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு தூரம் போவானேன்? எமது யாழ்ப்பாண நகரிலேயே டொமினிக் ஜீவா இருந்தார். பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட்டுச் சலூனிற் சிகை திருத்தும் தொழில் செய்தவர். அச்சலூனையே தமது சர்வகலாசாலை என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து சாகித்தியப் பரிசைப் பெற்றது. 1966இல் 'மல்லிகை' என்ற சஞ்சிகையைத் தொடங்கி, அதனைத் தாமே கையிற் சுமந்து விற்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திக் காட்டினார். 2021இல் மறைந்த அப்பெரியார், தொழிலையும் எழுத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக எண்ணியிருந்தால், ஈழத்து இலக்கியம் எவ்வளவு இழந்திருக்கும்!

நாம் இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், அயற் காணியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை சட்டென நின்றது. வெங்காயப் பாத்திகளில் அரைவாசிக்கே நீர் பாய்ந்திருந்தது. எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று வேலிக்கு மேலால் விசாரித்தோம்.

"இல்லை, மாஸ்டர். இதுக்கு மேலே இறைச்சால் உவர் ஏறிப்போகும். விடியட்டும், ஊறிவிடும்" என்றார் தோட்டக்காரப் பெரியவர்.

எமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையினூடே கீழிறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீரே எமது கிணறுகளில் ஊறுகின்றது. அளவோடு இறைத்தால் ஊற்று மீண்டும் நிரம்பும். பேராசை கொண்டு இறைத்தாலோ, நன்னீர் குறைந்து கீழிருக்கும் உவர்நீர் மேலே வரும். "இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்ற பழமொழியை நாம் எத்தனையோ முறை வகுப்பிலே விளக்கியிருக்கின்றோம். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு என்னவாகும் என்பதை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தோம்.

மாணவரும் எண்ணியிருத்தல் வேண்டும். சிறிது நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு என்பது சோம்பலன்று. பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்காரே, 1908இல் வெளிவந்த தமது நூலில் ஓர் அனுபவத்தைக் கூறுகின்றார். பல நாட்களாக ஒரு கணிதச் சிக்கலோடு போராடியவர், அதனை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிரயாணம் போனார். குற்றான்ஸ் என்ற ஊரிற் பிரயாண வண்டியின் படியிலே கால் வைத்த கணத்தில், எண்ணாதிருந்த வேளையில், தேடிய கருத்து ஒன்று மனத்தில் வந்து நின்றது. ஆயினும் முன்னும் பின்னும் அறிவறிந்த உழைப்பு இல்லையேல் இத்தகைய ஒளி பயன் தராது என்றும் அவர் சொல்லத் தவறவில்லை. இறைப்பும் வேண்டும், ஊற விடுதலும் வேண்டும்.

மாணவர் விடைபெறும் வேளையில், தம் தாயார் சொன்ன ஒரு வார்த்தையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கொழும்பிலிருந்து மாதத்தில் ஒருமுறை வருவாய், வந்தால் எங்களோடு இருப்பாய். இப்போது வீட்டிலேயே இருக்கிறாய், ஆனால் எங்களோடு இல்லை" என்றாராம் அந்த அம்மையார். ட்ரொலப்பையும் காஃப்காவையும் நாம் சொல்லி விளக்க முயன்றதை, அந்தத் தாய் இரண்டு வாக்கியங்களிற் சொல்லிவிட்டார்.

"தம்பி, கந்தோரா வீடா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். முதலில் இரண்டு வேலிகளைக் கட்டிப் பாரும். காலையில் ஒரு மணி நேரம் உமது கதைக்கு. அதில் வேறு வேலை புகலாகாது. வாரத்தில் ஒரு நாள் ஒருவருக்கும் எழுதாத நாள்" என்றோம்.

சொல்லிவிட்டோமேயன்றி, அவர் சென்றபின் எமக்கு வெட்கமாயிருந்தது. இருபத்தைந்தாம் வயதில், எமது ஊர்க் காணிகளின் பெயர்களைத் திரட்டி ஒரு நூல் எழுதத் தொடங்கினோம். பழைய உறுதிகளில் மட்டும் வாழும் அழகிய பெயர்கள் அவை. பதினொரு முதியோர் எமக்குப் பெயரும் காரணமும் சொல்லி உதவினர். பரீட்சை, விடைத்தாள், மாலை வகுப்பு என்று ஆண்டுதோறும் ஒரு காரணங் காட்டி, 'அடுத்த விடுமுறையில்' என்று அக்கட்டினை அலுமாரியிலேயே வைத்திருந்தோம். அப்பதினொருவரில் இன்று எஞ்சியிருப்பவர் இருவர். மற்றை ஒன்பதின்மரிடம் கேட்க மறந்தவற்றை இனி யாரிடம் கேட்பது?

அடுத்த நாட் காலை அக்கட்டினை அவிழ்த்தோம். கடிகாரத்தை முன்னே வைத்தோம். கால்மணி நேரத்தில் நாம் எழுதியவை நாற்பது சொற்கள். ட்ரொலப்பின் கணக்கு எமக்கு எட்டாது என்பது அன்றே தெளிவாயிற்று. ஆயினும் அடுத்த நாளும் அமர்ந்தோம்.

ஒரு மாதம் சென்றுவிட்டது. மாணவரின் வருமானம் சிறிது குறைந்திருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதவர் எமக்கு வேண்டாம் என்று ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் விலகிவிட்டாராம். கந்தோர் வேலைக்கான விண்ணப்பம் நிரப்பப்பட்டு, அனுப்பப்படாமல் அவர் மேசையிலே கிடக்கின்றது. அதன் பக்கத்தில் ஒரு கதையின் ஏழு பக்கங்கள் கிடக்கின்றன. விண்ணப்பத்தை அனுப்பினாலும் கதையை நிறுத்துவதில்லை என்கின்றார். இந்த உறுதிதான் எமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

பரீட்சைக்கு இரவிரவாக விழித்துப் படிக்கும் மாணவர்களும், பிள்ளைகளைச் சனி ஞாயிறுகளிலும் வகுப்புக்கு வகுப்பாக அனுப்பும் பெற்றோரும் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக. நாள்தோறும் அளவாக இறைப்போம். ஒரு பொழுதாவது ஊற விடுவோம்.

இதனை எழுதி முடிக்கும் இவ்வேளையில் அயற் காணியில் இயந்திரத்தின் ஓசை நின்றுவிட்டது. நாமும் பேனாவை மூடுகின்றோம். எஞ்சியிருக்கும் முதியோர் இருவரில் ஒருவரை இன்று மாலை பார்க்கப் போகவேண்டும்.