பணியோட்டப் பொறியும் அதனை வகுப்போர் கடமையும்

முன்னாளில் நிறுவனமொன்றிற் கொள்வனவு விண்ணப்பம் கோவையாக மேசைக்கு மேசை சென்றது. எங்கேனும் அது தங்கிவிடின், அனுபவமிக்க எழுதுவினைஞர் தேடியெடுத்து உரியவரிடம் சேர்ப்பித்தார். இன்று அக்கோவையை நடத்துவது பணியோட்டப் பொறி என்னும் மென்பொருளாகும். அஃது எழுதுவினைஞரின் வேலையைச் செய்யும். அவர்தம் விவேகமோ அதற்கில்லை. வரைந்து கொடுத்த வழியன்றிப் பிறிதொன்றை அஃது அறியாது. ஆதலின் அவ்வழியைப் பிழையற வகுத்தலே இத்துறையின் உயிர்நிலையாம்.

இத்தகைய வழிகளை ஆராய்தற்கு அடிகோலியவர்களுள் ஒருவர் ஜேர்மனிய அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஆய்வேட்டினின்று வளர்ந்ததே பெட்ரி வலை என்பது. அதில் வட்டங்கள் நிலைகளையும், கட்டங்கள் செயல்களையும் குறிக்கும். வட்டத்தில் வைக்கப்படும் வில்லை, கருமம் எங்கு நிற்கின்றதென்பதைக் காட்டும். ஒரு செயலுக்கு முன்னுள்ள வட்டங்கள் அனைத்திலும் வில்லை இருந்தாலன்றி அச்செயல் நிகழாது. இன்று பெருவழக்கிலுள்ள பி.பி.எம்.என். என்னும் குறியீட்டு முறையும் இவ்வில்லைக் கருத்தைக் கொண்டே விளக்கப்படுகின்றது.

வழி பிரியுமிடம் இருவகைத்து. விலை 50,000 ரூபாவுக்கு மேற்படின் கணக்காளரிடமும், அன்றேற் பகுதித் தலைவரிடமும் விண்ணப்பம் செல்லுமென வகுப்பது தெரிவு. வில்லை ஒரு வழியே செல்லும். இருவரும் ஒருங்கே ஆராய்க என வகுப்பது இணைவு; வில்லை இரண்டாகும். பிரிந்தவாறே கூடுதலும் வேண்டும். தெரிவாகப் பிரிந்ததை, இரு வில்லைகளுக்குங் காத்திருக்கும் வாயிலிற் கூட்டினால், வாராத வில்லையை நோக்கிக் கருமம் என்றும் நிற்கும். இணைவாகப் பிரிந்ததைக் காத்திராத வாயிலிற் கூட்டினால், அடுத்த செயல் இருமுறை நிகழும். அது பணங்கொடுத்தலாயின், ஒரே பொருளுக்கு இருமுறை பணம் போகும்.

இவற்றை முன்னரே கண்டறிதற்கு ஒல்லாந்து அறிஞர் வில் வான் டர் ஆல்ஸ்ட் 1990களில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். எந்நிலையினின்றும் கருமம் முடிவை எய்தக்கூடியதாதல் வேண்டும். முடிந்தபின் வழியில் வில்லை எஞ்சுதல் கூடாது. ஒருபோதும் நிகழவியலாத செயல் வரைபடத்தில் இருத்தலாகாது.

வரைபடம் செம்மையுற்றபின்னும் கடமை முடிவதில்லை. ஒரு வேலையை ஆளின் பெயருக்கன்றிப் பதவிக்கு உரித்தாக்கல் நன்று; அவர் விடுப்பிற் சென்றாலும் கருமம் தங்காது. தவணை கடப்பின் மேலதிகாரிக்கு அறிவிக்கவும், விண்ணப்பித்தவரே அங்கீகரித்தலைத் தடுக்கவும் விதி செய்தல் வேண்டும். இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. காமுண்டா போன்ற பொறிகளில், வழியைத் திருத்திய பின்னரும் முன்னர்த் தொடங்கிய கருமம் பழைய வரைபடத்தின்படியே நடக்கும். புதியன மாத்திரமே புதிய வழியிற் செல்லும். பிழையைத் திருத்தியவர், அப்பிழையில் ஏற்கெனவே அகப்பட்டவற்றைத் தனித்தெடுத்துப் புதுவழிக்கு மாற்றாவிடின் அவை அங்கேயே கிடக்கும்.

இவ்வாறு நின்ற கருமத்தைப் பொறி பிழையெனக் கொள்ளாது, காத்திருப்பதாகவே கணக்கிடும். விண்ணப்பித்தவரும் அவ்வாறே காத்திருப்பார். அன்று எழுதுவினைஞர் கோவையைத் தேடியது போல, இன்று அவர்பொருட்டு முன்கூட்டியே சிந்தித்தற்குரியவர் வழியை வகுப்பவரே.