இட்லிக்கு ஹாட் பேக்... வீட்டுக்கு? மொட்டை மாடிச் சூட்டைத் தடுக்கும் ஃபோம்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருப்பது இரண்டாவது மாடி. எங்களுக்கு மேலே மொட்டை மாடி மட்டும்தான். ஏப்ரல் பிறந்தால் அம்மாவின் பாய் பெட்ரூமிலிருந்து ஹாலுக்கு வரும். மே மாதம் பால்கனி கதவோரம் போய்விடும். இரவு பத்து மணிக்கும் ஃபேனிலிருந்து அனல்தான் இறங்கும்.

போன வருடம் ஹவுஸ் ஓனர் ஒரு யோசனை சொன்னார். "சீலிங்ல தெர்மாகோல் ஒட்டிடலாம் தம்பி. ரெண்டு நாள் வேலை. வீடு குளுகுளுன்னு ஆயிடும்."

எனக்குச் சந்தோஷம். அம்மாதான் முகம் சுளித்தார். "தெர்மாகோலா? பக்கத்துலயே அடுப்படி இருக்கு. தீப்பிடிச்சா என்னடா பண்றது?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

ராத்திரி பத்து மணிக்கும் ஏன் அனல்?

தமிழ்நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், வருடத்துக்கு இரண்டு முறை, சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே வரும். அதனால் கோடையில் நம் வீடுகளில் அதிகம் வெயில் வாங்குவது சுவர் அல்ல, மொட்டை மாடிதான்.

கான்கிரீட் தளம் பகல் முழுக்க அந்தச் சூட்டைக் குடிக்கும். குடித்ததை மெதுவாகக் கீழே விடும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறைக்குள் புழுங்குவது அதனால்தான். அந்த நேரத்தில் ஃபேன் போட்டால், சீலிங்கை ஒட்டியிருக்கும் சூடான காற்றைத்தான் அது கீழே தள்ளும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அடி அறை, மேலே ஐந்து அங்குலத் தளம், அதன் மேல் தட்டோடு எதுவும் இல்லை. உச்சி வெயிலில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, ஏ.சி போட்ட அறை 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் கூரை வழியாக மட்டும் சுமார் 1,300 வாட் வெப்பம் இறங்கும். நாம் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியே பெரும்பாலும் 1,000 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றை சீலிங்கில் தலைகீழாகக் கட்டி, சுவிட்ச் போட்டதுபோல!

ஒரு டன் ஏ.சி வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூரையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். கரன்ட் பில் ஏன் எகிறுகிறது என்று இப்போது புரிகிறதா?

அதே தளத்தின் மேல் இரண்டு அங்குல ஃபோம் பலகையைப் போட்டால், அதே கணக்கில் இறங்கும் வெப்பம் சுமார் 170 வாட்தான்.

ஹாட் பேக் ரகசியம்

இதில் மாயம் எதுவும் இல்லை. காலையில் ஹாட் பேக்கில் வைத்த இட்லி பத்து மணிக்கும் சூடாக இருக்கிறதே, அதே சங்கதிதான். ஹாட் பேக்கின் உள்பாத்திரத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே இருப்பது ஃபோம். ஃப்ரிட்ஜ் கதவுக்குள் இருப்பதும் ஃபோம். மீன் மார்க்கெட்டில் ஐஸ் உருகாமல் காப்பதும் தெர்மாகோல் பெட்டிதான்.

ஃபோமின் பெரும்பகுதி காற்றும் வாயுவும்தான். லட்சக்கணக்கான குட்டிக் குட்டி அறைகளில் அது அடைபட்டுக் கிடக்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சாதாரணக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால், தெர்மாகோல் வழியாக வெப்பம் கடக்கும் வேகம் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான்.

தெர்மாகோல் என்றதும் 2017-ல் வைகை அணையில் மிதக்கவிட்ட அட்டைகள் ஞாபகம் வந்து சிரிப்பு வரலாம். தண்ணீரில் காற்றடித்து ஒதுங்கியது உண்மைதான். ஆனால், கூரையில் அதன் கதை வேறு.

கடையில் கிடைக்கும் மூன்று வகை

*தெர்மாகோல் (இ.பி.எஸ்):* குட்டி மணிகளை ஊதவைத்து ஒட்டிச் செய்வது. விலை குறைவு. ஆனால், பார்சல் பெட்டியில் வரும் லேசான தெர்மாகோல் வேறு, கட்டடத்துக்கான அடர்த்தியான பலகை வேறு. மணிகளுக்கு இடையே நாளடைவில் ஈரம் புகும்.

*எக்ஸ்.பி.எஸ் பலகை:* இதுவும் தெர்மாகோலின் குடும்பம்தான். ஆனால், மணி மணியாக இருக்காது. ஒரே சீரான பலகை. தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, பாரமும் தாங்கும். அதனால் மொட்டை மாடிக்கு அதிகம் பொருந்துவது இதுதான்.

*பஃப் (பாலியூரித்தேன்):* பலகையாகவும் கிடைக்கும். இரண்டு ரசாயனங்களைக் கலந்து இடத்திலேயே ஸ்பிரே செய்வதும் உண்டு. ஒரே தடிமனுக்கு மூன்றிலும் வெப்பத்தை அதிகம் தடுப்பது இது. ஆனால், வெயில் நேராகப் பட்டால் பழுப்பாகி, மாவாக உதிரும். மேலே பூச்சோ மூடலோ கட்டாயம் வேண்டும். ஒரு நல்ல செய்தி: இந்த ஃபோமை ஊதவைக்கப் பயன்பட்ட, ஓசோனைக் கெடுக்கும் ஹெச்.சி.எஃப்.சி-141பி என்ற வாயுவை 2020 ஜனவரி 1 முதல் இந்தியா முழுமையாகக் கைவிட்டுவிட்டது.

மேலேயா, கீழேயா?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். ஃபோமை இரண்டு இடத்தில் போடலாம். தளத்துக்கு மேலே, மொட்டை மாடியில். அல்லது தளத்துக்குக் கீழே, சீலிங்கில்.

கீழே ஒட்டுவது சுலபம், செலவும் குறைவு. ஆனால், கான்கிரீட் தளம் முன்புபோலவே வெயிலில் காய்ந்துகொண்டுதான் இருக்கும். பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, விரிசல் விடும். நாம் அந்தச் சூட்டை மூடி மறைக்கிறோம், அவ்வளவுதான்.

மேலே போட்டால் வெயில் தளத்தைத் தொடுவதற்கு முன்பே ஃபோம் தடுத்துவிடும். தளம் அதிகம் சூடாகாது. சூடாகாத தளம் இரவில் அனலும் விடாது. அதோடு, ஃபோம் ஒருபக்கம் கான்கிரீட்டுக்கும் இன்னொரு பக்கம் சிமென்ட் கலவைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அறைக்குள் இருக்கும் நெருப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்காது.

எக்ஸ்.பி.எஸ் பலகை என்றால் வழக்கமான வரிசை இது: தளத்தில் வாட்டம், அதன் மேல் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு, தண்ணீர் கட்டிப் பார்த்து ஒழுகவில்லை என்று உறுதி செய்வது, பிறகு ஃபோம் பலகை, அதன் மேல் பிரிப்புத் துணி, கடைசியாகச் சிமென்ட் கலவையும் ஓடும்.

2018-ல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக வெப்பம் இறங்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பும் அதில் உண்டு: சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டும். ஏறக்குறைய ஓர் அங்குல ஃபோம் போட்டாலே இந்த வரம்புக்குள் வந்துவிடலாம். புது வீடு கட்டுபவர்கள் இன்ஜினீயரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

அம்மாவின் கேள்விக்கு வருவோம்

தீப்பிடிக்குமா? பிடிக்கும். தெர்மாகோல், எக்ஸ்.பி.எஸ், பஃப் மூன்றுமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை. தீயைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்தவை கிடைக்கின்றன. ஆனால், அவையும் பெரிய நெருப்பில் எரியும். தெர்மாகோல் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிச் சுருங்கத் தொடங்கிவிடும். எரியும்போது வரும் கரும்புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். பஃப் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும். பல விபத்துகளில் நெருப்பைவிட முந்திக்கொண்டு உயிரைப் பறிப்பது இந்தப் புகைதான்.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் இசை நிகழ்ச்சி. மேடையில் கொளுத்திய மத்தாப்பு, சத்தத்தைத் தடுக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமைப் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். அந்த ஃபோம் எந்த மூடலும் இல்லாமல் திறந்தே இருந்தது.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு. நான்காவது மாடியில் ஒரு ஃப்ரிட்ஜிலிருந்து கிளம்பிய தீ, வெளிச்சுவர் வழியாக உச்சி வரை ஏறியது. 72 பேர் பலியானார்கள். தீ பரவ முக்கியக் காரணம் வெளிச்சுவரில் பதித்த, பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகள். அதன் பின்னால் இருந்த ஃபோமும் தீக்குத் துணைபோனது. குடியிருப்போருக்குக் கதகதப்பு கிடைக்கட்டும் என்று செய்த வேலை அது! 18 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள்கள் கூடாது என்று இங்கிலாந்து 2018-ல் தடை கொண்டுவந்தது.

ஆக, அம்மா கேட்டது சரியான கேள்வி. ஃபோமை அறைக்குள் திறந்த நிலையில் ஒட்டக்கூடாது. கீழேதான் போட முடியும் என்றால், அதன் அடியில் இடைவெளி இல்லாமல் ஜிப்சம் போர்டு போன்ற, எளிதில் எரியாத மூடல் வேண்டும். சமையலறையில் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயம் எனக்கே புதிது. நம் வீட்டு வயர்களின் மேலுறை பி.வி.சி. தெர்மாகோலோடு அது வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால், வயருக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தரும் பொருள் தெர்மாகோலுக்குள் இறங்கிவிடும். வயர் விறைத்து, விரிசல் விடும். போதாக்குறைக்கு, வயரின் சூடும் வெளியேறாது. சீலிங் வேலையில் வயரைக் குழாய்க்குள் விடாமல் அப்படியே தெர்மாகோல் மேல் போடுவது ஆபத்து. சூடாகும் விளக்குகளைச் சுற்றியும் இடைவெளி விட வேண்டும்.

ஷீட் வீடுகளுக்கு?

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை. ஷீட்டில் சூடு தாமதமாகக்கூட இறங்காது. வெயில் ஏறிய உடனே வீடு கொதிக்கும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் முதலில் கதவைத் தட்டுவது இந்த வீடுகளில்தான்.

ஆனால், ஷீட்டுக்கு அடியில் வெறும் தெர்மாகோலைக் கட்டிவைப்பது, கேஸ் அடுப்பும் சாமி விளக்கும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில், விபத்துக்கு வழிவிடுவது. அவர்களுக்கு முதல் வழி, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட். ஷீட்டையே மாற்றுகிறார்கள் என்றால், இரண்டு தகடுகளுக்கு நடுவே ஃபோம் வைத்த பேனல்களைப் பார்க்கலாம்.

ஃபோம் பணக்கார வீட்டுச் சமாசாரம் என்றும் இல்லை. மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் இந்தூரில் 1,024 வீடுகள் சாண்ட்விச் பேனல் முறையில் கட்டப்பட்டன. தெர்மாகோல் மணிகளைச் சிமென்ட்டோடு கலந்து, இரண்டு பக்கமும் பலகை வைத்த சுவர்கள் அவை.

வேலை கொடுக்கும் முன் கேளுங்கள்

* என்ன ஃபோம், எத்தனை மில்லிமீட்டர், அடர்த்தி எவ்வளவு? மூன்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். விலை வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.
* தீயைத் தாமதப்படுத்தும் ரகமா? சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.
* ஒழுகலைச் சரிசெய்த பிறகுதானே ஃபோம்? ஈரத்தின் மேல் மூடினால் கம்பி துருப்பிடிக்கும்.
* எந்தப் பசை? தின்னர் கலந்த பசை தெர்மாகோலையும் எக்ஸ்.பி.எஸ்ஸையும் கரைத்துவிடும்.
* பழைய தளம் மேலே போடும் கலவையையும் ஓட்டையும் தாங்குமா? இரண்டு அங்குல ஃபோம் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூட வராது. அதன் மேல் வருவதுதான் பாரம்.
* வேலை நடக்கும்போது பலகைகள் எங்கே அடுக்கப்படும்? வெல்டிங், பீடி இரண்டும் பக்கத்தில் வரக்கூடாது.

ஃபோம் செய்யாத வேலை

ஃபோம் குளிரவைக்காது, சூடு வருவதைத் தாமதப்படுத்தும், குறைக்கும். அவ்வளவுதான். மேற்குச் சுவரும் ஜன்னலும் வெயிலை வாங்கினால் அந்தச் சூடு உள்ளே வரத்தான் செய்யும். இரவில் ஜன்னலைச் சாத்திவைத்தால், உள்ளே சேர்ந்த சூட்டையும் ஹாட் பேக் மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ளும். மாலைக்கு மேல் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவது எப்போதும் தேவை.

எங்கள் கதைக்கு வருகிறேன். மொட்டை மாடியில் ஏற்கெனவே ஓர் ஓரம் ஒழுகிக்கொண்டிருந்தது. எப்படியும் ஓட்டைப் பெயர்க்கத்தான் வேண்டும் என்று ஓனருக்குத் தெரியும். சீலிங் வேண்டாம், அந்த வேலையோடு சேர்த்து மேலேயே எக்ஸ்.பி.எஸ் பலகை போட்டுவிடலாம் என்று நானும் அம்மாவும் போய்ப் பேசினோம். முதலில் யோசித்தார். வாட்டர் ப்ரூஃபிங் பூச்சும் வெயிலில் காயாமல் அதிக நாள் உழைக்கும் என்றதும் சம்மதித்தார். ஜனவரியில் வேலை முடிந்தது.

இந்த ஏப்ரலில் அம்மாவின் பாய் இன்னும் பெட்ரூமை விட்டு வரவில்லை. "கத்திரி வரட்டும், அப்புறம் சொல்றேன்" என்கிறார். பால்கனி கதவோரம் இப்போதைக்குத் துணிக்கூடைதான் இருக்கிறது.