சைலன்சர் கத்துதா பாஸ்?

பூந்தமல்லியில இருந்து ஆவடி ரோட்டுல காலேஜுக்குப் பறக்கறீங்க. பருத்திப்பட்டு பக்கம் ஒரு பள்ளம்... 'தடக்!' அடுத்த நிமிஷத்துல இருந்து உங்க நூறு சி.சி. வண்டி புல்லட் மாதிரி உறுமுது. "மச்சி, சவுண்டு சூப்பர்டா, அப்படியே விட்டுடு!"ன்னு பின்சீட்டு ஃப்ரெண்டு உசுப்பேத்தறார்.

விட்டுடாதீங்க! தொலைஞ்சது ஒரு நட்டுதான். கவனிக்காம விட்டா சைலன்சருக்கே ஆயிரக்கணக்குல மொய் வைக்கணும்.

முதல்ல வண்டி நல்லா ஆறட்டும். சூடான சைலன்சர் கெண்டைக்காலில் போடும் முத்திரை லேசில் மறையாது! அப்புறம் குனிஞ்சு மூணு இடத்தைப் பாருங்க.

தலை: எஞ்சினும் பெண்ட் பைப்பும் சேரும் இடம். சுற்றிலும் கரி படிஞ்சிருக்கா? ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'டப் டப்'னு வெடிக்குதா? கேஸ்கட் போயிருக்கலாம், இல்லைன்னா நட்டு கழன்றிருக்கலாம். சைலன்சரைக் கழற்றும்போதெல்லாம் புது கேஸ்கட் போடுங்க. ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும். ஸ்டட் உடைஞ்சு உள்ளே மாட்டிக்கிட்டா வீரம் வேண்டாம். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

இடுப்பு: சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட் போல்ட், ரப்பர் புஷ். இதுல ஒண்ணு விழுந்துட்டா மொத்த வெயிட்டும் பெண்ட் பைப்ல இறங்கும். வெல்டிங் விரிசல் விடும். கம்பி கட்டினது மெக்கானிக் கடை வரைக்கும் போதும். செமஸ்டர் முழுக்க அல்ல!

வால்: அடியில் துரு ஓட்டை இருக்கான்னு பாருங்க. தினமும் கொஞ்ச தூரமே ஓட்டினா உள்ளே ஈரம் காயாம துரு பிடிக்கும். ஆனா, தண்ணி வடிய கம்பெனியே குட்டி ஓட்டை வெச்சிருக்கும். அதை அடைச்சுடாதீங்க. வெல்டிங் அடிக்கணும்னா சைலன்சரைக் கழற்றிட்டு அடிங்க. வண்டியில் வெச்சபடியே அடிச்சா எலெக்ட்ரிக்கல் ஐட்டங்கள் காலியாகலாம்.

செகண்ட் ஹேண்ட் சைலன்சருக்கு புதுப்பேட்டை போறீங்களா? உள்ளே தடுப்பும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கான்னு கேளுங்க. கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் இருக்கு. அதை உருவி வித்துட்டா உங்களுக்குக் கிடைக்கறது வெறும் தகரக் கூடுதான். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்கு அப்புறம் வாங்கின வண்டின்னா, அதே மாடல் சைலன்சர்தானான்னும் பாருங்க. அதுல ஆக்ஸிஜன் சென்சார் இருக்கு. புகை கசிஞ்சா அதோட கணக்கு தப்பி எஞ்சின் லைட் எரியலாம்.

"சவுண்டுக்காகத்தான் தடுப்பைக் கழற்றினேன்"ங்கறவங்க கவனிங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 190(2). 2019 திருத்தப்படி முதல் தடவை மாட்டினாலே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை ஜெயில், இல்லை ரெண்டுமே. கூடவே மூணு மாசம் லைசென்ஸ் கட்!

கடைசியா ஒண்ணு... மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓடவிட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளையே சாய்ச்சுடும்.

நீங்க வர்றது தெருவுக்கே தெரியணும்னு அவசியமில்லை பாஸ். பத்திரமா வீடு வந்து சேர்ந்தா போதும்!